இரு பரிமாண உலோக ஆக்சைடுகள் நிலையானவையா? சாயத் தண்ணீரில் தாங்குமா?

“ஆக்சைடு என்றாலே ஆக்சிஜனோடு சேர்ந்து முடிந்த சரக்குதானே, ஒற்றை அடுக்காக்கினால் மட்டும் கெட்டுவிடுமா? திருப்பூர் சாயக்கழிவில் நிறம் நீக்கும் புராஜெக்டுக்கு எதை எடுக்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி சரிங்க. கருப்புப் பாஸ்பரஸை மெல்லிய தாளாக உரித்து வெளியே வைத்தால் காற்றும் ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து அரித்துவிடும். ஆக்சைடுக்கு அந்தப் பயம் குறைவு. ஆனால் காற்றில் தாங்குவதெல்லாம் தண்ணீரிலும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

மாலிப்டினம் ட்ரை ஆக்சைடு பிறவியிலேயே அடுக்கடுக்கானது. நடுவில் பலவீனமான வான்டெர்வால்ஸ் விசைதான் என்பதால், கட்டிங் மேசையில் விரித்த பனியன் துணி மாதிரி தாள் தாளாக எடுக்கலாம். ஒரு தாள் சுமார் 0.7 நானோமீட்டர். எத்தனாலில் பிரித்து ஜன்னலோரம் வைத்தீர்களானால் வெள்ளைக் கலவை நீலமாகும். பதற வேண்டாம், வெளிச்சம் பட்டு ஹைட்ரஜன் உள்ளே புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது இப்போது வேறு பொருள்.

துத்தநாக ஆக்சைடின் கதைதான் சுவாரசியம். அது அடுக்குப் பொருளே இல்லை. கட்டியாக இருக்கும்போது ஒவ்வொரு துத்தநாக அணுவையும் நான்கு ஆக்சிஜன் சூழ்ந்திருக்கும். ஒரு முகத்தில் நேர் மின்னூட்டத் துத்தநாகம், மறுமுகத்தில் எதிர் மின்னூட்ட ஆக்சிஜன். அணு அளவுக்கு மெலிந்தால் இந்த மின்முனைப்பு கட்டுப்படியாகாது. அதனால் அணுக்கள் ஒரே தளத்தில் படுத்து, ஒவ்வொன்றும் மூன்று பேரோடு மட்டும் கைகோத்து, கிராஃபைட் போல அறுகோணமாகின்றன. கணக்கீடுகள் சொன்ன இதை 2007-ல் வெள்ளிப் பரப்பின் மேல் இரண்டடுக்குப் படலத்தில் கண்டார்கள். தடிமன் ஏறினால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். வெள்ளியின் தாங்கல் இல்லாமல் பீக்கரில் மிதக்கும் தாளுக்கு இதே முடிவைப் பொருத்தாதீர்கள். கடைகளில் ‘நானோஷீட்’ என்று விற்பது பெரும்பாலும் பல நானோமீட்டர் தடித்த சாதாரணத் துத்தநாக ஆக்சைடுதான்.

சரி, சாயக்கழிவு. ரியாக்டிவ் சாயத்துக்குச் சோடா ஆஷ் போடுவதால் தண்ணீர் நல்ல காரமாக இருக்கும். துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும். மாலிப்டினம் ஆக்சைடு காரத்தில் இன்னும் மோசம். என் ஓட்டு டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) தாள்களுக்கு. சீசியம் டைட்டனேட்டை அமிலத்தில் ஊறவைத்து, பெரிய அம்மோனியம் அயனிகளைப் புகுத்திப் பிரிக்க வேண்டும். வேலை அதிகம், ஆனால் கரையாது. உப்பு மிகுந்த நீரில் தாள்கள் திரண்டு படியும் என்பதால் கண்ணாடியில் படலமாக ஒட்டிப் பயன்படுத்துங்கள்.

துத்தநாகத்தோடுதான் போவேன் என்றால், நிறம் குறைந்ததைக் காட்டும் வளைகோட்டோடு நிறுத்தாதீர்கள். வடிகட்டிய நீரில் கரைந்த துத்தநாகம் எவ்வளவு என்றும் அளந்து காட்டுங்கள். வைவாவில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.