டி.எம்.இ. ஆர்க் ஏன் வெளியே விரிகிறது?

கேள்வி: டி.எம்.இ. (நிலையம் எவ்வளவு தொலைவு என்று காட்டும் கருவி) ஒரே தொலைவைக் காட்டும்படி நிலையத்தைச் சுற்றி வளைவாக, அதாவது ஆர்க் பறக்கும்போது 'டர்ன் டென், ட்விஸ்ட் டென்' முறையைத்தான் (விமானத்தை 10 டிகிரி, கருவிக் குமிழை 10 டிகிரி திருப்புவது) பின்பற்றுகிறேன். காற்றே இல்லாத சிமுலேட்டரில்கூட 10 மைல் ஆர்க் போகப்போக 11 மைலாகிவிடுகிறது. எங்கே பிழை?

பதில்: விமானம் வட்டமாகப் பறப்பதில்லை, குட்டிக் குட்டி நேர்கோடுகளாகப் பறக்கிறது. பிழை, ஒவ்வொரு கோட்டையும் நீங்கள் தொடங்கும் ஹெட்டிங்கில்தான் (விமானத்தின் மூக்கு நோக்கும் திசை).

தெற்கிலிருந்து 180 ரேடியலில் (நிலையத்திலிருந்து 180 டிகிரித் திசையில் செல்லும் கோடு) வி.ஓ.ஆரை (திசை காட்டும் ரேடியோ நிலையம்) நோக்கி வந்து, இடப்பக்கம் திரும்பி 270 பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் நிலையம் சரியாக வலது இறக்கை நுனியில் இருக்கும். ஆனால் 190 ரேடியலைத் தொடும்போது டி.எம்.இ. 10.15 காட்டும். அங்கே 280 பிடித்தால் இதே விரிவு மறுபடியும் சேரும். 90 டிகிரி சுற்றுவதற்குள் ஏறத்தாழ 11.5 மைலுக்குப் போய்விடுவீர்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளைப் பார்த்தே பறப்பதற்கான தகுதி) தேர்வில் ஆர்க்குக்கு அனுமதிக்கும் விலகலோ 1 கடல் மைல்தான்.

270க்குப் பதில் 275 பிடியுங்கள். 190 வந்ததும் 285, 200இல் 295. கோட்டின் நடுவில் 0.04 மைல் உள்ளே இருப்பீர்கள்; அடுத்த ரேடியலில் மீண்டும் சரியாக 10. தரைவேகம் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) என்றால் ஒரு கோட்டுக்கு 52 விநாடி கிடைக்கும். ஊசி நடுவுக்கு வந்ததும் முதலில் விமானத்தைத் திருப்புங்கள், பிறகு ரேடியலைத் தேர்ந்தெடுக்கும் ஓ.பி.எஸ். குமிழை.

காற்று இருந்தால் ஆர்க்குக்குச் சற்று உள்ளேயே இருப்பது நல்லது. ஹெட்டிங்கை மாற்றாமல் விட்டாலே ஆர்க் உங்களிடம் வந்துவிடும். வெளியே போய்விட்டால் அப்படி வராது, விலகல் கூடிக்கொண்டே போகும். அரை மைலுக்கு 10 முதல் 20 டிகிரி உள்நோக்கித் திருப்ப வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆர்க்கில் நுழையவும் வெளியேறவும் எப்போது திரும்பத் தொடங்குவது?

பதில்: ஸ்டாண்டர்டு ரேட் (நொடிக்கு 3 டிகிரி) திருப்பமென்றால் தரைவேகத்தில் 0.5 சதவீதம் முன்னதாக. 120 நாட்டுக்கு 0.6 மைல், அதாவது 10.6இல் தொடங்க வேண்டும். வெளியேறும்போது இதை டிகிரியாக மாற்றிக்கொள்ளுங்கள். 10 மைல் தொலைவில் ஒரு மைல் என்பது 6 டிகிரி, ஆகவே 0.6 மைலுக்கு 4 டிகிரி. 270 ரேடியலில் 090 பிடித்து உள்ளே வர, 266இலேயே திரும்பத் தொடங்குங்கள். பின்காற்று தரைவேகத்தைக் கூட்டியிருந்தால் கணக்கும் கூடும். இதை மறப்பவர்கள்தான் இறுதிப் பாதையைத் தாண்டிவிடுகிறார்கள்.

கேள்வி: டி.எம்.இ.க்குப் பதில் ஜி.பி.எஸ். தொலைவை வைத்துப் பறந்தால்?

பதில்: டி.எம்.இ. அளப்பது சாய்வுத் தொலைவு, அதாவது வானிலுள்ள விமானத்திலிருந்து நிலையத்துக்கு நேராக. நிலையத்துக்கு மேல் 6,000 அடி உயரத்தில் அது 10 காட்டினால், தரையில் 9.95. இந்த வித்தியாசம் பொருட்டல்ல. நிஜமான ஆபத்து வேறு: ஜி.பி.எஸ். திரை அடுத்த வே-பாயிண்ட்டுக்கான தொலைவைக் காட்டிக்கொண்டிருக்கலாம். நீங்கள் சுற்றும் வி.ஓ.ஆர்/டி.எம்.இ. நிலையத்திலிருந்துதான் அது அளக்கிறதா என்பதை ஆர்க்கில் நுழையும் முன்பே பார்த்துவிடுங்கள்.