உங்களுக்குப் பேத்தை மீனைவிட நாட்டோதான் ஆபத்து

கேள்வி: எனக்கு வயது 56. ஆறு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் உலோக வால்வு பொருத்தினார்கள். அன்றிலிருந்து வார்பரின் மாத்திரை எடுக்கிறேன். சின்ன வயதில் இறால் சாப்பிட்டால் உதடு தடித்து உடம்பெல்லாம் அரிக்கும் என்பதால் அதை விட்டுவிட்டேன். சர்க்கரை நோயோ கல்லீரல் பிரச்சினையோ இல்லை. அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். ஒருமுறையாவது ருசிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: ஜப்பானில் பேத்தை மீன், நாட்டோ, மெக்சிகோவில் வறுத்த வெட்டுக்கிளி, ஜமைக்காவில் ஆக்கிப் பழம், அப்புறம் பச்சைச் சிப்பி, துரியன். பேத்தை மீனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. மற்றதையெல்லாம் தைரியமாகச் சாப்பிடலாமா?

மருத்துவர் பதில்: இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இப்படி ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். முடிந்தவரை அதை அப்படியே காப்பாற்றித் தரத்தான் பார்க்கிறேன். ஆனால் நீங்கள் பயப்படும் இடம் வேறு, நான் பயப்படும் இடம் வேறு.

முதலில் நாட்டோ. நொதிக்க வைத்த சோயாதானே, இதில் என்ன என்று தோன்றும். உங்கள் பட்டியலிலேயே உங்களுக்குக் கண்டிப்பாகக் கூடாதது அதுதான். ரத்தம் உறையக் காரணமான பொருட்களைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். அந்த வேலையைத் தடுப்பதுதான் வார்பரின். நாட்டோவை நொதிக்க வைக்கும் பாக்டீரியா வைட்டமின் கே2-வை ஏராளமாக உண்டாக்குகிறது. இந்த வகை ரத்தத்தில் நாள்கணக்கில் தங்கும். ஒரே ஒரு வேளை சாப்பிட்டாலும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் அளவு இறங்கிவிடலாம். உலோக வால்வு உள்ளவருக்கு அப்படி இறங்கினால் வால்வில் ரத்தக்கட்டி உருவாகலாம். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். ஜப்பானில் வார்பரின் எடுப்பவர்களிடம் நாட்டோவைத் தொடாதீர்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள்.

“அன்று மட்டும் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எவ்வளவு கூட்டினால் சரியாகும் என்று யாராலும் கணக்குப் போட முடியாது. கூடிப்போனால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். ஜப்பானியச் சோயாவின் ருசிதான் வேண்டும் என்றால் மிசோ சூப் குடியுங்கள். மிசோவை நொதிக்க வைப்பது ஒரு பூஞ்சை. நாட்டோவில் இருக்கும் அளவுக்கு அதில் வைட்டமின் கே கிடையாது.

அடுத்து வெட்டுக்கிளி. மெக்சிகோவின் ஒஹாக்கா பகுதியில் பூண்டும் எலுமிச்சையும் உப்பும் சேர்த்து வறுத்துத் தருவார்கள். பலருக்கு நல்ல புரத உணவு. உங்களுக்குத்தான் யோசனையாக இருக்கிறது. இறாலும் பூச்சிகளும் கணுக்காலிகள், ஒரே பெரிய குடும்பம். இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் ட்ரோப்போமயோசின் என்ற தசைப் புரதம். கிட்டத்தட்ட அதே புரதம் வெட்டுக்கிளியிலும் இருக்கிறது. வறுத்தாலும் பெரிதாக அழியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் சில பூச்சிகளை உணவாக அனுமதித்தபோது, இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கையைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்றும் விதித்தது.

உதடு தடித்ததைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை மூச்சுத்திணறலாகவும் ரத்த அழுத்தம் சரிவதாகவும் வரலாம். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஒவ்வாமை நிபுணரைப் பாருங்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஒவ்வாமை இருக்கிறதா என்று பரிசோதிப்பார். தேவைப்பட்டால் மருத்துவமனையிலேயே, கண்காணிப்பில், துளித்துளியாகச் சாப்பிடக் கொடுத்தும் பார்ப்பார். “ஒரு கால் மட்டும் கடித்துப் பார்க்கிறேன்” என்று தெருவோரக் கடையில் சோதனை செய்ய வேண்டாம். மாவு, பிஸ்கட், புரதக் கட்டி என்று பூச்சிப்பொடி கண்ணுக்குத் தெரியாமலும் வருகிறது, அதையும் கவனியுங்கள்.

சிப்பிக்கும் அந்தச் சோதனை முடிவு வேண்டும், ஏனென்றால் அதே வகைப் புரதம் அதிலும் உண்டு. முடிவு நல்லபடியாக வந்தாலும் பச்சையாக வேண்டாம், நன்றாக வெந்ததைச் சாப்பிடுங்கள். விப்ரியோ கிருமியும் நோரோ வைரஸும் சிப்பியில் இருந்தால் பார்வைக்கோ வாசனைக்கோ தெரியாது. எலுமிச்சைச் சாறு பிழிந்தாலும் சாகாது.

சரி, பேத்தை மீன். அதன் டெட்ரோடாக்சின் கொடிய விஷம்தான். சமைத்தாலும் போகாது, முறிமருந்தும் இல்லை. 1975-இல் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ என்ற பிரபல கபுகி (ஜப்பானிய மரபு நாடக) நடிகர் கியோட்டோவில் இதன் ஈரலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு இறந்தார். ஆனால் விஷம் அதிகம் இருப்பது ஈரலிலும் சினைப்பையிலும்தான். இன்று ஜப்பானில் உணவகங்கள் ஈரலைப் பரிமாறக் கூடாது. தகுதி பெற்றவர்தான் மீனை வெட்டலாம். அப்படிப்பட்ட உணவகத்தில் சதையைச் சாப்பிடுவதற்கு உங்கள் வால்வோ வார்பரினோ தடையில்லை. யாராவது வீட்டில் பிடித்துச் சமைத்தது என்றால் கைகூப்பி மறுத்துவிடுங்கள். சாப்பிட்டபின் உதடோ நாக்கோ மரத்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷம் இறங்கும்வரை செயற்கை சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற முடியும்.

ஆக்கிப் பழம் மரத்திலேயே தானாக வெடித்துத் திறந்திருக்க வேண்டும். காயில் இருக்கும் ஹைப்போகிளைசின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். விதையைச் சுற்றியுள்ள வெளிர்மஞ்சள் சதை மட்டும்தான் உணவு. துரியனைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், கூடவே மது மட்டும் வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஐ.என்.ஆர் பாருங்கள், திரும்பி வந்த வாரமும் பாருங்கள். நீண்ட பயணம் என்றால் நடுவில் எங்கே பார்க்கலாம் என்று உங்கள் இதய மருத்துவரிடம் இப்போதே பேசி வையுங்கள். வார்பரின் அளவு, உலோக வால்வு, இறால் ஒவ்வாமை மூன்றையும் ஒரு அட்டையில், போகும் நாட்டின் மொழியிலேயே எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமைச் சோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், வெட்டுக்கிளியைப் பற்றி அப்போது முடிவு செய்வோம்.