அரியர்ஸ் வந்தால் அண்ணனுக்கு, வராவிட்டால் கார்டு

கேள்வி: பெங்களூருவில் ஓர் ஆய்வகத்தில் ரிசர்ச் அசோசியேட்டாக, அதாவது போஸ்ட்டாக்காக இருக்கிறேன். எலும்புக்குப் பரவும் புற்றுநோய் தரும் வலியை எலிகளில் ஆராய்கிறேன். 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் சேர்த்து மாதம் சுமார் 75,000. ஆனால் புராஜெக்ட் பணம் தாமதமாகி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக, அரியர்ஸாகத்தான் வருகிறது. வீட்டுச் செலவு மாதம் 48,000. போன முறை வந்த 3 லட்சத்தில், கரூரில் தறி போட்டிருக்கும் அண்ணனுக்கு 2 லட்சம் கொடுத்தேன். கிரெடிட் கார்டில் 1.8 லட்சம் பாக்கி. மினிமம் டியூ தவறாமல் கட்டுகிறேன். மனைவியின் நகை 8 பவுன் லாக்கரில் இருக்கிறது, அதைத் தொட மனமில்லை. நண்பர் ஒருவர் ஆல்கோ டிரேடிங், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமே பங்குகளை வாங்கி விற்பது, சொல்கிறார். பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்டில் மாதம் 4 சதவீதம் வருகிறதாம். சேரலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கார்டு மாதம் 3.5 சதவீதம் வட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13. நண்பர் சொல்வது அப்படியே நடந்தாலும் கார்டுதான் ஜெயிக்கும்.

தவறாமல் மினிமம் டியூ கட்டுவதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 5 சதவீதம் என்றால் 9,000. அதில் வட்டியும் வரியும் 7,434. அசலில் குறைவது வெறும் 1,566. பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

ஆனால் நோய் கார்டில் இல்லை. அரியர்ஸை நீங்கள் புதையல் மாதிரி பார்க்கிறீர்கள், அங்கேதான் இருக்கிறது. 3 லட்சம் வந்த அன்றே அதில் 1.92 லட்சம், அதாவது நான்கு மாத வீட்டுச் செலவு, ஏற்கெனவே செலவான பணம். உங்களுக்கு மிஞ்சியது 1.08 லட்சம். கொடுத்ததோ 2 லட்சம். மீதியைக் கார்டு கொடுத்தது. அண்ணனின் தறிக்கு மாதம் நாலு வட்டிக்கு மேல் கடன் வாங்கித் தந்திருக்கிறீர்கள், அவருக்கே அது தெரியாமல்.

நகையைத் தொடுங்கள். உங்கள் மனைவி சம்மதித்தால் வங்கியில் அடகு வைத்து 1.8 லட்சம் எடுத்து, கார்டு பாக்கியை ஒரே நாளில் அடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றாலும் மாத வட்டி 1,500தான். லாக்கரில் நகை தூங்க, வெளியே ஏழாயிரத்துக்கு மேல் வட்டி கட்டுவது என்ன சிக்கனம்? அப்புறம் கார்டை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போங்கள்.

அண்ணனிடம் கணக்கு முழுவதையும் விளக்க வேண்டியதில்லை. "எனக்கு மாசாமாசம் சம்பளம் வர்றதில்லைண்ணா, வர்றது பழைய பாக்கி" என்று சொன்னால் போதும். தறி வைத்திருப்பவருக்கு, சரக்கு போய் மூன்று மாதம் கழித்து வரும் பணம் என்னவென்று நம்மைவிட நன்றாகத் தெரியும். உதவ வேண்டுமென்றால் மாதம் 5,000, அதுவும் கடன் அடைந்த பிறகு.

டிரேடிங் பற்றி இன்னும் ஒன்று. டனேசுமாப் என்ற வலி மருந்தின் கதை என்னைவிட உங்களுக்குத் தெரியும். அம்மாவின் முழங்கால் வலிக்காகத் தேடியபோது நான் படித்தது. எலியில் வலி குறைந்தது, மனிதர்களிலும் குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டே வேகமாகச் சிதைந்தது. 2021 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என்று எதிர்த்து வாக்களித்தது, அந்த ஆண்டே மருந்தை உருவாக்கிய கம்பெனிகள் அதைக் கைவிட்டன. இதையெல்லாம் பார்த்த துறையில் இருந்துகொண்டு, ஒரு பேக்டெஸ்ட் படத்தை நம்பி என்னிடம் கேட்கிறீர்களே!

உங்களுக்கு பிஎஃப் இல்லை, புராஜெக்ட் முடிந்தால் வேலையும் இல்லை. ஆறு மாதச் செலவு, அதாவது 2.88 லட்சம், தனிக் கணக்கில் சேரும்வரை மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்ஐபிகூட வேண்டாம். அடுத்த அரியர்ஸில் மிஞ்சுவதை அன்றே நகைக் கடனில் கட்டுங்கள், அதற்கடுத்தது வந்த அன்றே நகையை மீட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அண்ணனுக்கு மறுநாள் போன் செய்யலாம்.