நாறும் பூவைத் தோண்டி எறிய வேண்டாம்

தங்கச்சி, ஒட்டுசுட்டானில் உங்கள் வளவில் மழைக்குப் பிறகு இலையே இல்லாமல் ஊதாப் பூ ஒன்று முளைத்து, செத்த எலி போல நாறுகிறது, தோண்டி எறியலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எறியாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கருணைக்கிழங்கு. அந்த நாற்றத்துக்கு வரும் வண்டுகளும் ஈக்களும்தான் மகரந்தத்தைக் கொண்டுபோகும். சில நாளில் மணம் போய்விடும். அப்புறம் குடை போல ஒற்றை இலை எழும்பும்; அதை ஊரில் தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். பூத்த கிழங்கு சத்து இழந்திருக்கும், இப்போது கிண்டிப் பயனில்லை. இலை மஞ்சளாகிச் சாயட்டும், அப்போது பருத்திருக்கும். பழப்புளி விட்டு நன்றாக அவியுங்கள். அரைகுறையாக வெந்தால் கிழங்கில் இருக்கிற கால்சியம் ஒக்சலேட் என்ற உப்பின் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் குத்தித் தொண்டை அரிக்கும். தண்டு சொரசொரப்பான காட்டு வகைக்கு அரிப்பு இன்னும் கூட. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.