பீட்டர் செங்கேயைப் போல் ஆக என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: என் மகள் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அமெரிக்க மேலாண்மை அறிஞர் பீட்டர் செங்கேயின் புத்தகம் ஒன்றைப் படித்த நாளிலிருந்து ‘சிஸ்டம் டைனமிக்ஸ்’, ‘நிறுவனக் கற்றல்’ என்று ஒரே பேச்சு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியர் ஆகப் போகிறாளாம். அதனால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார மாட்டாளாம். விசாரித்த இடத்தில் எல்லாம் ‘அப்படி ஒரு படிப்பா?’ என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். தடுப்பதா, விட்டுவிடுவதா?

பதில்: ஐயா, தடுக்க வேண்டாம். கேம்பஸ் இன்டர்வியூவில் மட்டும் கட்டாயம் உட்காரச் சொல்லுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் விசாரித்தவர்களுக்குத் தெரியாததில் வியப்பு இல்லை. சிஸ்டம் டைனமிக்ஸ் என்பது ஓர் அமைப்பு காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று கணித மாதிரி (மாடல்) எழுதிப் பார்ப்பது; நிறுவனக் கற்றல் என்பது நிறுவனங்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எப்படிக் கற்கின்றன என்று ஆராய்வது. பிளஸ் டூ முடித்ததும் சேர்கிற படிப்பு இல்லை இது. இதில் பெயர் பெற்றவர்கள் பலரும் வேறு எதையோ ஆழமாகப் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர்கள். சிஸ்டம் டைனமிக்ஸைத் தொடங்கிய ஜே ஃபாரஸ்டர், அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் மாட்டுப் பண்ணையில் வளர்ந்த மின் பொறியாளர். எம்ஐடியில் ‘வேர்ல்விண்ட்’ என்ற கணினியை உருவாக்கிய குழுவின் தலைவர். 1956-ல்தான் அங்குள்ள ஸ்லோன் மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். அப்போது அவருக்கு வயது 38. ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்ற 1972 அறிக்கையை எழுதிய நால்வரில் ஒருவரான டொனெல்லா மெடோஸ் படித்தது வேதியியலும் உயிர் இயற்பியலும். உங்கள் மகள் போற்றும் செங்கே, ஸ்டான்ஃபோர்டில் விண்வெளிப் பொறியியல் படித்தவர். நிறுவனக் கற்றல் பக்கம் போனால், கிறிஸ் ஆர்கிரிஸ் உளவியலிலிருந்து வந்தவர்; அவரோடு சேர்ந்து எழுதிய டொனால்ட் ஷோன் தத்துவத்தில் முனைவர். ஆகவே இயந்திரப் பொறியியலில் சேர்ந்து மூன்று ஆண்டு வீணாகிவிட்டது என்று உங்கள் மகள் நினைத்தால், அந்த எண்ணத்தை முதலில் மாற்றுங்கள்.

வேலைக்குப் போகச் சொல்வதற்கும் ஃபாரஸ்டரின் கதையிலேயே காரணம் இருக்கிறது. கென்டகியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வீட்டு உபயோகப் பொருள் தொழிற்சாலை ஒன்று. சில ஆண்டுகள் மூன்று ஷிஃப்ட் ஓடும். சில ஆண்டுகளில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பும். சந்தை நிலவரம்தான் காரணம் என்று மேலாளர்கள் நம்பினார்கள். ஃபாரஸ்டர் அவர்களோடு பேசி, எப்போது ஆள் எடுக்கிறார்கள், எவ்வளவு சரக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டார். பிறகு பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து வாரம் வாரமாகக் கணக்குப் போட்டார். வெளியே தேவை மாறாமல் இருந்தாலும், உள்ளே எடுக்கும் முடிவுகளே வேலை எண்ணிக்கையை ஏற்றி இறக்கப் போதுமானவை என்று தெரிந்தது. 1961-ல் வந்த அவருடைய முதல் நூலுக்கு வித்து அங்கே விழுந்தது. உற்பத்திக் கூடத்தையோ கிடங்கையோ மருத்துவமனையையோ உள்ளிருந்து பார்த்திராத ஒருவர் எதை மாதிரியாக்குவார்? இரண்டு ஆண்டு ஏதாவது ஒரு தொழிற்சாலையின் திட்டமிடல் பிரிவில் இருந்துவிட்டு விண்ணப்பித்தால், சேர்க்கைக் கட்டுரையில் எழுத உங்கள் மகளுக்கு என்று ஒரு கேள்வி இருக்கும். வெறும் ஆர்வத்தை எழுதி அனுப்புகிறவர்கள் ஏராளம்.

அடுத்து, உங்கள் மகள் ஒரே மூச்சில் சொல்லும் இரண்டு பெயர்களும் இரண்டு வேறு வேலைகள். சிஸ்டம் டைனமிக்ஸ்காரர் சமன்பாடும் கணினியுமாக இருப்பவர்: இருப்பு, ஓட்டம், தாமதம், பின்னூட்டம் (விளைவே திரும்பி வந்து காரணத்தை மாற்றுவது) என்று ஒரு சிக்கலை எழுதி ஓட்டிப் பார்ப்பவர். நிறுவனக் கற்றல் ஆய்வாளர் மனிதர்களோடு உட்காருபவர்: நேர்காணல், கள ஆய்வு, கூட்டங்களில் என்ன பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்று கவனிப்பது. இரண்டும் சந்திக்கிற இடத்துக்கு நல்ல உதாரணம் எம்ஐடியில் உருவான ‘பீர் விளையாட்டு’. சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர். ஒருவர் ஆர்டரைத்தான் அடுத்தவர் பார்க்கலாம். சரக்கு வந்து சேரத் தாமதமாகும். வாடிக்கையாளர் தேவை வாரம் 4 பெட்டியிலிருந்து ஒரே ஒருமுறை 8 ஆக உயர்ந்து அப்படியே நிற்கும். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் ஆலைக்குப் போகும் ஆர்டர் தாறுமாறாக ஏறி விழும். முடிவில் கேட்டால், வாடிக்கையாளர்தான் மாற்றி மாற்றி வாங்கினார் என்று எல்லோரும் சாதிப்பார்கள். இதை எம்ஐடி பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் ஆராய்ந்து 1989-ல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் வருகிற எவரும் படிப்பது. இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டதும் ‘அந்த ஏற்ற இறக்கத்துக்குச் சமன்பாடு என்ன?’ என்று உங்கள் மகளுக்குத் தோன்றினால் முதல் வழி. ‘பழியை ஏன் வெளியே போடுகிறார்கள்?’ என்று தோன்றினால் இரண்டாம் வழி. அதற்குச் சமூகவியல் அல்லது உளவியல் அடித்தளம் தேவைப்படும். எம்ஐடியின் நெல்சன் ரெப்பனிங்போல இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களும் உண்டு.

எங்கே படிப்பது? துறைப் பெயரை வைத்துத் தேடினால் பாதி இடங்கள் தட்டுப்படாது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதை நடத்துவது புவியியல் துறை! அமெரிக்காவில் எம்ஐடி ஸ்லோனை விட்டால் வூஸ்டர் பாலிடெக்னிக் நெடுங்காலமாக இதைக் கற்பிக்கும் இடம். இந்தியாவில் தொழில் பொறியியல், மேலாண்மைத் துறைகளுக்குள் சில பேராசிரியர்கள் இதைச் செய்கிறார்கள். கட்டுரைகளைப் படித்து வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கல்லூரியின் பெயரைப் பார்த்து அல்ல.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; நான் சொல்லிவிடுகிறேன். ஸ்லோன் போன்ற இடங்களில் முனைவர் மாணவருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருவார்கள். ஆனால் எடுப்பது ஆண்டுக்கு மிகச் சிலரைத்தான். நார்வேயில் முனைவர் ஆய்வு என்பதே சம்பளத்துடன் கூடிய பணி. முதுகலைக்கோ, ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருவோருக்கு 2023 முதல் கட்டணம் உண்டு. வீட்டை அடகு வைத்து இந்த முதுகலைக்கு அனுப்பாதீர்கள். பேராசிரியர் பதவி கிடைக்காவிட்டாலும் விநியோகச் சங்கிலி, மின்துறை, பொதுச் சுகாதாரம், பருவநிலைக் கொள்கை ஆகியவற்றில் இந்தத் திறனுக்கு வேலை இருக்கிறது. விளம்பரத்தில் ‘சிஸ்டம் டைனமிக்ஸ்’ என்ற சொல் அநேகமாக இருக்காது. வார இறுதியில் சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

இந்த விடுமுறையில் உங்கள் மகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எம்ஐடியின் பாடக் குறிப்புகள் ‘ஓப்பன்கோர்ஸ்வேர்’ என்ற அதன் இணையதளத்தில் இலவசம்; மாதிரிகளை எழுதி ஓட்டிப் பார்க்கும் ‘வென்சிம்’ மென்பொருளின் கற்பதற்கான பதிப்பும் இலவசம். உங்கள் ஊரிலேயே ஒரு சிக்கலை எடுக்கட்டும்: கல்லூரி விடுதி உணவகத்தில் சில நாள் மீந்து, சில நாள் போதாமல் போவது போதும். அதை மாதிரியாக்கி, நிர்வாகியிடம் காட்டி, அவர் சொல்லும் மறுப்பையும் எழுதிவைக்கட்டும். முடித்ததும் அடுத்த மாதிரிக்கு உங்கள் மகளே கிளம்பினால், கேம்பஸில் கிடைத்த வேலையில் சேர்ந்தபடியே வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்கத் தொடங்கலாம்.