ரெசிஸ்டன்ஸ்: எதிர்ப்பா, தடையா? கேள்வி பதில்

பினாங்கில் 20 வருஷத்துக்கு மேல் மருந்துக் கடையில் நின்றவள் நான், இப்போது மருத்துவத் துண்டுப் பிரசுரங்களைத் தமிழாக்கம் செய்கிறேன். ரெசிஸ்டன்ஸ் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்து என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்தவை கீழே, கேட்டவரின் ஊரோடு.

பட்டர்வொர்த்: அக்கா, அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் உடம்புக்கு ரெசிஸ்டன்ஸ் வரும் என்கிறார்களே, நல்லதுதானே?

தம்பி, அது உங்கள் உடம்புக்கு வருவதில்லை, கிருமிக்கு வருவது. இந்தக் குழப்பத்துக்கு நம் சொல்லும் ஒரு காரணம். உடம்புக்கு 'எதிர்ப்புச் சக்தி' என்று சொல்லிப் பழகிவிட்டோம், அதையே கிருமிக்கும் போட்டால் ஏதோ நல்லது நடப்பதுபோல் காதில் விழுகிறது. போதாக்குறைக்கு ஆன்டிபயாடிக்குக்கு 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்று பெயர், கிருமி அதைத் தாங்கிக்கொள்வதற்கு 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று அச்சடிக்கிறார்கள். கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். கடைக்கு வந்த ஒரு பாட்டியிடம் அப்படி ஒரு தாளை வாசித்துக் காட்டினேன், "எதிர்ப்பு வந்தா நல்லதுதானேம்மா" என்றார். அன்றிலிருந்து 'மருந்துக்கு மசியாத கிருமி' என்றுதான் எழுதுகிறேன்.

நடப்பது இதுதான். மருந்து பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், மசியாத ஒன்றிரண்டு தப்பிப் பெருகும். சில கிருமிகள் பெனிசிலினையே உடைக்கும் நொதியைச் சுரக்கும், சில உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும், அந்த வித்தை அடங்கிய டிஎன்ஏ துண்டைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945-ல் நோபல் உரையில், அளவு குறைத்துச் சாப்பிட்டால் இப்படி ஆகும் என்று எச்சரித்தார். அதனால் வீட்டில் மைலோ டின்னில் மீதி மாத்திரை சேர்த்து வைக்காதீர்கள்.

ஆயர் ஈத்தாம்: இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் என்கிறாரே டாக்டர், உடம்பு இன்சுலினோடு சண்டை போடுகிறதா?

சண்டை இல்லை. 'ரத்தத்துச் சர்க்கரையை உள்ளே எடு' என்று இன்சுலின் சொல்வதைச் செல்கள் சரியாகக் காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான். மற்றதை அவரிடமே கேளுங்கள்.

செந்தூல்: மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் 5. இயற்பியல் ரெசிஸ்டன்ஸுக்குத் தமிழில் என்ன?

மின்தடை. 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும் வாட்டர் ஹீட்டர் என்றால், 240-ஐ 15-ஆல் வகுங்கள், அதன் தடை 16 ஓம். ஓம் என்பது தடையை அளக்கும் அலகு.

பிரிக்ஃபீல்ட்ஸ்: அக்கா, மின்தடை என்றால் கரண்ட் போவது! தமிழ்நாட்டுப் பத்திரிகையெல்லாம் அப்படித்தான் போடுகிறது.

போடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் போவதற்கு மின்வெட்டு என்ற சொல் இருக்கிறதே, பாடப்புத்தகத்துச் சொல்லை ஏன் பிடுங்க வேண்டும்?

பிறை (வயர்மேன்): சரியாகச் சொன்னீர்கள். நான் தினமும் ஓம் அளக்கிறவன். ஈரத் தரையில் நிற்கும் உடம்பின் தடை குறையும், அதனால்தான் குளியலறைக்கு, 10 மில்லியாம்பியர் கசிந்தாலே தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் டிரிப்பர். இதற்கு 'எதிர்ப்பு' என்றால் யாருக்குப் புரியும்? கம்பிக்கு என்ன கோபம்?

அதுதான் நான் வைத்திருக்கும் உரைகல், அண்ணே. மனசு இருப்பது செய்தால் எதிர்ப்பு, மனசில்லாதது செய்தால் தடை.

பிரிக்ஃபீல்ட்ஸ்: அப்படியானால் கிருமிக்கு மனசு இருக்கிறதா? 'மசியாத' என்று நீங்களே எழுதுகிறீர்களே.

நல்ல பிடி. என் உரைகல்லில் கிருமி தேறாது, ஒத்துக்கொள்கிறேன். மலாயைப் பாருங்கள், கம்பிக்கு ரிந்தாங்கான், கிருமிக்கு கெரிந்தாங்கான், இரண்டும் ஒரே வேர், உடம்பின் சக்திக்கோ இமுனிட்டி என்று தனிச்சொல். குழப்பமே இல்லை. நாமும் கிருமிக்குத் 'தாங்குதிறன்' என்று வைக்கலாம். ஆனால் பாட்டிக்கு 'மசியாத'தான் சட்டென்று விளங்குகிறது, அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

செந்தூல்: மனிதர்களுக்கு மட்டும் எதிர்ப்பு சரியா? காந்தி?

அவருக்கும் இந்தச் சொல் உறுத்தியது. தென்னாப்பிரிக்காவில் 1906-ல் தொடங்கிய போராட்டத்தை 'பேசிவ் ரெசிஸ்டன்ஸ்' என்றார்கள், நம் ஆட்கள் 'சாத்வீக எதிர்ப்பு' என்று எழுதினார்கள். வலுவற்றவன் வேறு வழியின்றிச் செய்வது என்ற வாடை அதில் அடிக்கிறது என்று அவர் தம் பத்திரிகையில் வேறு சொல் கேட்டார், வந்த 'சதாக்கிரகா'வைத் திருத்தி சத்தியாக்கிரகம் ஆக்கினார். அந்தப் போராட்டத்தில் சிறை போய், நோயோடு வெளியே வந்து, 1914-ல் 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை நம் தமிழ்ப் பிள்ளை. அவள் செய்ததைச் 'சாத்வீகம்' என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

காஜாங், பாயான் லெப்பாஸ், இன்னும் இருவர்: எதிர்ப்புச் சக்திக்கு என்ன சாப்பிடலாம்?

நாலு பேருக்கும் ஒரே பதில். இது சொல்லைப் பற்றிய பகுதி. சோறு, காய்கறி, தூக்கம், தடுப்பூசி.

பத்துமலை: போன வருஷம் பல் பிடுங்கியபோது கொடுத்த ஆன்டிபயாடிக்கில் அரை ஸ்டிரிப் இருக்கிறது. தொண்டை வலிக்கு இரண்டு போடலாமா அக்கா?

மேலே எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். வேண்டாம். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு இந்த மருந்து எதுவும் செய்யாது. காய்ச்சலும் இருந்தால் கிளினிக்குப் போங்கள், அந்த ஸ்டிரிப்பை அரசு மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.