தேடினால் ‘அவர்’ கிடைக்கவில்லை

கேள்வி: ஆக்கங்களை இனி யுனிகோட் என்ற பொது எழுத்துக் குறியேற்றத்தில் மட்டும் அனுப்பவும் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தீர்கள். பக்கம் கட்டும் பேஜ்மேக்கர் மென்பொருளும் பாமினி எழுத்துருவும் இருபது வருடமாக எங்களுக்குச் சோறு போடுகின்றன. இன்றைக்கு விண்டோஸ் 10 முடிந்தது என்கிறார்கள், நாளைக்கு இன்னொன்றை முடிப்பார்கள். கம்பனிக்காரர் விடும் ஒவ்வொரு பதிப்புக்கும் பின்னால் நாங்கள் ஓட வேண்டுமா? தாளில் அழகாக வந்தால் போதாதா?
– அச்சக ஊழியர் ஒருவர், கொக்குவில்

பதில்: ஓட வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றது. 11ஐப் போடப் போனால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை என்று நன்றாக ஓடும் கணினியையும் தள்ளிவிடுகிறது. உங்கள் கோபம் நியாயமானது. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் அதில் தொடாமல், இணைய இணைப்பையும் கழற்றிவிட்டு, பக்கம் கட்ட மட்டும் வைத்திருப்பீர்கள் என்றால் அந்தக் கணினி இன்னும் பத்து வருடம் உழைக்கட்டும்.

ஆனால் நீங்கள் இரண்டு விடயங்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறீர்கள். மென்பொருளின் புதிய பதிப்பு கம்பனியின் வியாபாரம். வேண்டாம் என்றால் விடலாம். எழுத்துக் குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்று கணினி வைத்திருக்கும் கணக்கு, அப்படியல்ல. அது எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் இடையில் உள்ள உடன்பாடு. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்தைத்தான். தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் அம்மாவைக் காண முடியாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பத்தார் எங்களிடம் ஒரு சீடியைக் கொண்டுவந்தார்கள். 2011இல் அச்சிட்ட, தாயாரின் 31ஆம் நாள் நினைவு நூலான கல்வெட்டு. கனடாவில் இருக்கும் பேத்தி வாசிக்கக் கேட்டிருக்கிறார். அனுப்பினால் அங்கே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்ததாம். யுனிகோடுக்கு மாற்றினோம். பார்க்க எல்லாம் சரி. பிறகு ‘அவர்’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். வாழ்க்கை வரலாறு முழுக்க அவர், அவர் என்றே எழுதியிருந்தும் ஒன்றுகூட அகப்படவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாமினியில் ‘ர்’ வர யு-வும் அரைப்புள்ளியும் அடிக்க வேண்டும். அரவின் (‘ா’) மேல் குற்று (புள்ளி) வைத்தாலும் பார்வைக்கு அதே ‘ர்’தான், கொஞ்சம் சீராகவும் நிற்கும். அதனால் நம் தட்டச்சாளர் பலர் எச்-சும் அரைப்புள்ளியும் அடித்தே பழகிவிட்டார்கள். தாளில் எந்தக் கண்ணுக்கும் பிடிபடாது. கணினிக்கோ அது அ, வ, அரவு, குற்று. அரவின் மேல் குற்று தமிழில் வராது என்பதால் இதை ஒரே தட்டில் மாற்றிவிடலாம், சரி. இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்கள்தான் கழுத்தை அறுத்தன. மருமகனின் பட்டம், பிள்ளைகளின் மின்னஞ்சல் முகவரி எல்லாம் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகிக் கிடந்தன. அச்சிட்ட பிரதியைப் பக்கத்தில் வைத்து இரண்டு நாள் திருத்தினோம். தாளில் அழகாக வந்தால் போதாதா என்று கேட்டீர்கள். போதாது, ஐயா.

யுனிகோட் குறையில்லாதது என்று நான் சொல்லவில்லை. 1991இல் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது, ஆனால் இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியேற்றத்தை ஒட்டி. அதனால் ‘க்’ என்ற ஒரு மெய்க்கு இரண்டு குறிகள் தேவைப்படுகின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறி தரும் டேஸ் 16 என்ற குறியேற்றத்தை, யுனிகோடுடன் சேர்த்து, தமிழ்நாட்டு அரசு 2010இல் ஏற்றது. இலக்கணப்படி அதுதான் நேர்த்தி. நானும் அதற்காகப் பலரோடு வாதாடியிருக்கிறேன். ஆனால் இன்று ஒரு கைபேசியை வாங்கித் திறந்தால் தமிழ் தெரிவது யுனிகோடில்தான். பேரன் வாசிக்க முடியாத நேர்த்தியை வைத்து நான் என்ன செய்ய?

உங்கள் விரல்களை மாற்றச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். விசைப்பலகை வேறு, குறியேற்றம் வேறு. என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையைத் தெரிவுசெய்யுங்கள். அதே விசைகளை அடிப்பீர்கள், உள்ளே யுனிகோட் சேரும்.

பேஜ்மேக்கரை மட்டும் கைவிடத்தான் வேண்டும். அதன் கடைசிப் பதிப்பான 7 வெளிவந்தது 2001இல்; யுனிகோட் அதற்குத் தெரியாது. நாங்கள் இன்டிசைனில் பக்கம் கட்டுகிறோம். அதில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தெரிவுசெய்ய மறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அவ்வளவுதான். காசு இல்லையென்றால் இலவசமான ஸ்கிரைபஸ் 1.6 இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் அச்சகத்தில் இருபது வருடக் கல்வெட்டுகளும் கோயில் மலர்களும் பேஜ்மேக்கர் கோப்புகளாகக் கிடக்கும். அவற்றைத் திறக்கக்கூடிய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக மாற்றி வையுங்கள். தொடங்கும் அன்று சொல்லுங்கள், எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்புகிறேன்.